அவ்லோனா சிற்றாலயத்துக்கு வெள்ளையடிக்கச் சொன்னது யார்?

ஒலிம்போஸ், கார்பத்தோஸ் தீவு
ஜூன் கடைசி

என் கண்ணே ரிகோபூலா,

மாதாவின் தயவில் இங்கே நாங்கள் சுகம், பால்டிமோரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். ஃபோனில் கேட்டால் சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் கடிதம். உன் தங்கைக்குப் பல் முளைக்கிறது, இப்போதுதான் அழுது ஓய்ந்து தூங்கினாள். ஒரு வாரமாக வடக்குக் காற்று விடாமல் அடிக்கிறது, தியாபானித் துறைக்குக் கப்பல் வரவில்லை, கடையில் தக்காளி இல்லை, நேற்றும் வதக்கிய வெங்காயம் போட்டுக் கையால் உருட்டின மாவு மக்கரூனெஸ்தான்.

கல்லூரியில் நம் தீவின் பூகோளமும் சரித்திரமும் கட்டுரையாக எழுதச் சொல்கிறார்கள் என்று நீ கேள்வி கேட்டபோது சந்தோஷப்பட்டேன், நானும் ரோட்ஸில் கல்லூரிக்குப் போனவள்தானே. ஊர் ஏன் இப்படி மலைமுகட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றாய், கடற்கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து கடலோரத்துப் பழைய ஊரை விட்டு ஏறினவர்கள் என்றேன். வடக்கே இருக்கும் சாரியாத் தீவு ஒரு காலத்தில் நம்மோடு ஒட்டியிருந்ததா என்றாய், அதற்கும் தெரிந்ததைச் சொன்னேன். சரி, இதெல்லாம் பாடம். ஆனால் அவ்லோனாவில் நம் வயல் எந்தக் கல்சுவரில் தொடங்குகிறது, மழைத்தொட்டி யார் பங்கு, களம் யாரைச் சேரும் என்று அடுத்தடுத்துக் கேட்டாயே, அதை எந்த வாத்தியார் கேட்டார்? இத்தாலியர் இந்தத் தீவை ஆண்ட காலத்தில்கூட இவ்வளவு துருவியிருக்க மாட்டார்கள்.

அப்போதே எனக்கு உறுத்தியது. நம் வயல் சிற்றாலயத்துப் புனித பந்தலேமோன் திருநாளுக்கு இன்னும் நாள் இருக்கிறது, இருந்தாலும் யாரும் முந்திக்கொள்ளக் கூடாதென்று போன ஞாயிறே சுண்ணாம்பு வாளியோடு வயலுக்குப் போனேன். போனால் நம் சிற்றாலயம் பளீரென்று நிற்கிறது, வாசற்படியில் ஈரம்கூடக் காயவில்லை. வெள்ளையடித்தவர்தான் திருநாள் விருந்து போட வேண்டும், விருந்து போட்டவர்தான் நிலத்துக்கு உடையவர் என்று ஊர் எடுத்துக்கொள்ளும், உனக்குத் தெரியாததா. களத்தோரம் சோஃபில்லா சித்தி பூட்ஸிலிருந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள், முழங்கைவரை சுண்ணாம்பு. ஏண்டி, யாரைக் கேட்டு அடிச்சே என்றேன். சுவர் கேட்டுச்சு, அடிச்சேன் என்றாள். விளையாடாதே, இது என் பொண்ணு நிலம் என்றதற்கு, அப்போ உன் பொண்ணையே கேளுக்கா என்று சொல்லிவிட்டுக் கழுதையை அவிழ்க்கப் போனாள். போகிற போக்கில் என் தோளில் கிடந்த உன் தங்கையின் கன்னத்தைக் கிள்ளி, நீயும் என்னை மாதிரி இளையவதான்டி, இப்பவே மண்வெட்டி பிடிக்கக் கத்துக்கோ என்று ஒரு குத்து வேறு.

வழியெல்லாம் அதே யோசனை. தாய்வழி நிலம் மொத்தமும் மூத்த பெண்ணுக்கு என்பது நம் வழக்கம், அப்படித்தான் எனக்கு வந்தது, அப்படித்தான் உனக்கென்று வைத்திருக்கிறேன். சித்திக்கு ஒரு முழம் கிடைக்கவில்லை, பார்லி விதைப்பதும் அறுப்பதும் அவள்தான், இதை நான் மறுக்கவில்லை. நீ அவளுக்கு ஃபோன் போட்டு அடிக்கச் சொன்னாயா? எல்லை கேட்டதும் அதற்குத்தானா? அந்தக் கட்டுரை என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா? இங்கே அதற்குள், இந்த வருஷம் விருந்து யாரு போடறது, எவ்தோக்கியா என்று கிணற்றடியிலேயே என்னை மடக்குகிறார்கள், குழந்தை அழுகிறது என்று சொல்லி நழுவி வருகிறேன்.

நிலத்தைச் சித்திக்குத் தருவதாக இருந்தால் நான் நாலு நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டிருப்பேன், பிறகு ஆறிவிடும், என் உடன்பிறந்தவள்தானே. எனக்குத் தெரிய வேண்டியது வேறு. உன் வயதில் நான் உன்னை வயிற்றில் சுமந்துகொண்டு அந்த வயலில் நின்றவள். நிலத்தைத்தான் கொடுக்கிறாயா, இல்லை இனிமேல் இங்கே வரப்போவதில்லை என்பதை என்னிடம் சொல்ல இப்படி ஒரு வழி கண்டுபிடித்தாயா? அப்படியென்றால் அதைச் சித்தி வாயால் என்னைக் கேட்க வைக்காதே.

மாதா உன்னைக் கூடவே இருந்து காக்கட்டும், படிப்பு நல்லபடி முடியட்டும். கதவைத் தாழிட்டுப் படு, கூடத் தங்கியிருக்கும் அந்தப் பெண்ணை முழுசாக நம்பிவிடாதே. கடிதம் கிடைத்ததும் ஃபோன் செய். முதலில் எனக்கு, சித்திக்கு அல்ல.

என்றும் உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
எவ்தோக்கியா