அம்மைப்பால் பிடித்த கை

1960, பிப். 9, செவ்வாய்
வெயில் இப்போதே சுடுகிறது. கொல்லைக் கொட்டகையில் மச்சான் முனுசாமி, என் மனைவி அலமேலுவின் தம்பி. ஞாயிறன்று சித்தூரிலிருந்து காய்ச்சலோடு வந்தவன். இன்று முகமெல்லாம் முத்து. பெரியம்மை. இரண்டு நாளாக என் மகள் சரோஜா அவன் மடியிலேயே கிடந்தாள். ஆறு வயது. கையில் அம்மை குத்திய தழும்பு இல்லை. காரணம் நான். போன வருஷம் குத்துகிறவர் வந்தபோது, அழுகிறாளே என்று வேர்க்கடலை மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். பத்துப் பேரிடம் சொல்லிச் சிரிக்கவும் செய்தேன். எட்டாம் வகுப்பு மூளை.

அம்மன் வந்த வீட்டில் இப்போது குத்தக்கூடாதே என்றேன்.

அலமேலு: "ஆத்தாகிட்ட நான் பேசிக்கறேன். நீ வண்டியக் கட்டு."

புத்தூர் போய் மூன்று பேரும் குத்திக்கொண்டோம்.

பிப். 12, வெள்ளி
என் கை அரிக்கிறது. சின்னத் தடிப்பு. சரோஜா கையில் ஒன்றுமே இல்லை. குத்திய அம்மைப்பால் பிடிக்கவில்லையோ? கடையில் உப்பு வாங்க மறந்தேன்.

பிப். 17, புதன்
சரோஜா கை வீங்கிச் சீழ் கட்டிவிட்டது. காய்ச்சல். என் தடிப்பு காய்ந்தே போயிற்று. அலறிக்கொண்டு வண்டி கட்டி, குத்துகிறவரை அழைத்துவந்தேன். தெலுங்குக்காரர், பொறுமைசாலி.

"எனக்குப் பிடிக்கலியே சார், நான் போயிடுவேனா?"

சிரித்தார். "மீகு, உங்களுக்கு, சின்ன வயசுலயே குத்தியிருக்காங்க. உங்க ஒடம்பு பழைய காவல்காரன். திருடன் மொகம் தெரியும், வாசல்லயே தொரத்திடுச்சி. பாப்பா ஒடம்புக்கு இதான் மொதல் சண்டை. அந்தச் சண்டைதான் காய்ச்சல். பெரியம்மை வர்றதுக்குள்ள சண்டை கத்துக்கினா போதும்."

"கத்துக்குமா?"

"நாலஞ்சு நாள்ல தெரியும்."

முனுசாமி சின்ன வயதில் குத்தினவுடன் பால் பிடிக்காதபடி எலுமிச்சை தேய்த்துக் கழுவிக்கொண்டவனாம். இப்போது உடம்பில் விரல் வைக்க இடமில்லை. ஓயாத முனகல்.

பிப். 21, ஞாயிறு
சரோஜா கை ஆறுகிறது. ஆனால் மறுபடி காய்ச்சல், இடுப்பு வலி. இது குத்தின காய்ச்சல் இல்லை, அம்மைக் காய்ச்சல். அலமேலு என் முகத்தைப் பார்ப்பதில்லை. திட்டினால் தேவலை. எல்லைப் பிரிவினை பேச வந்தவர்கள் வாசல் வேப்பிலையைப் பார்த்து அப்படியே திரும்பினார்கள். ஊர் மதராஸுக்கோ ஆந்திராவுக்கோ, எங்கே வேண்டுமானாலும் போகட்டும்.

பிப். 24, புதன்
முத்து வந்துவிட்டது. எண்ணினேன். நெற்றி 3, கை 5, முதுகு 1. திரும்ப எண்ணினேன். ஒன்பதுதான். காய்ச்சல் விட்டது.

"நைனா, கருவாடு துன்னணும்."

அம்மன் இருக்கிற வீட்டில் கருவாடு! காதைப் பொத்திக்கொண்டேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அலமேலு: "இன்னாயா நிக்கற? இன்னும் எங்க ஒளிச்சி வெக்கலாம்னு பாக்கறியா?"

பதினைந்து நாளில் முதல் திட்டு. தாயே, நன்றி. எந்தத் தாய்க்கு என்று பிரித்து எழுத வரவில்லை.

மார்ச் 4, வெள்ளி
முனுசாமிக்குப் பக்கு உதிர்கிறது. பிழைத்தான். முகத்தில் தழும்பு நிற்கும்.

சரோஜாவுக்கு அம்மை இறங்கி முதல் தண்ணீர். மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீர் தலையில் பட்டதும் உதைத்தாள், தெரு அதிரக் கத்தினாள். எதிர்வீட்டு அண்ணன் வேலிக்கு அப்பால் நின்று, "யாருப்பா அது, கொயந்தயப் போட்டு அடிக்கறது?"

"அடிக்கலண்ணா. தண்ணி ஊத்தறோம்."

அழட்டும். இன்னொரு சொம்பு மொண்டேன்.