மாவு ஓடில்லாத கீஷும் நான் வாங்கிய கைத்தட்டலும்

அன்பு மகள் ஹேசலுக்கு, ஹாலிஃபாக்ஸிலிருந்து அப்பா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, முழங்கால் மட்டும் மழைக்கு முன்னால் முனகுகிறது. நீயும் கிரெய்கும் குட்டி ரூபியும் நியூசிலாந்துக் குளிருக்குப் பழகி நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது டிவியில் கால்பந்து ஓடுகிறது என்று சாக்குச் சொல்லி வைத்துவிட்டேனே, ஆட்டமும் இல்லை ஒன்றும் இல்லை. உன் குரலைக் கேட்கவே வெட்கமாக இருந்தது. எழுதினால் முகத்தைக் காட்ட வேண்டாம், அதனால் எழுதுகிறேன்.

மெத்தடிஸ்ட் கோயில் கூடத்தில் செவ்வாய்தோறும் எடை குறைப்பவர்கள் கூடுகிறோம் என்று உனக்குத் தெரியும். எடை பார்க்கும் மெஷினில் ஏறுவதற்கு முன் பெண்கள் காதுத் தோட்டைக்கூடக் கழற்றி வைக்கிற இடம், அங்கே நான் ஒருவன்தான் ஆண். வசந்தத்தில் ஒரு நாள் ஆளுக்கொன்று சமைத்து வந்து ருசி பார்க்கலாம் என்றார்கள், ரொட்டி உருளைக்கிழங்கு மாவு எதுவும் இருக்கக் கூடாது. உன் அம்மா போனபிறகு நான் அடுப்பில் செய்வது டின் பீன்ஸைச் சூடாக்குவதோடு சரி. சூப்பர்மார்க்கெட்டில் மாவு ஓடில்லாத கீஷ் ஒன்று இருந்தது, ஓவனில் சுட்ட முட்டையும் சீஸும் வெங்காயமும் மட்டும், சுற்றி வழக்கமான மாவு ஓடு கிடையாது. அதை வாங்கி, டப்பாவைக் குப்பைத் தொட்டியில் அடியில் திணித்துவிட்டு, அம்மாவின் நீலக்கரைத் தட்டில் வைத்து மேலே தக்காளி அடுக்கிக் கொண்டுபோனேன். கூட்டத்தை நடத்தும் லொரேன் ஒரு வாய் வைத்ததும், "பாருங்கடி, ஒத்தை ஆம்பளை வந்து நம்ம எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுட்டாரு" என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள். கடையில் வாங்கியது என்று சொல்ல ஒரு நொடி போதும், நான் சொல்லவில்லை. புதுப்பெண் மாதிரித் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டு நின்றேன். உன்னிடமும் நானே செய்தேன் என்றுதான் பீற்றிக்கொண்டேன், நீயும் உன் ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டாய்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பின்தெரு டோரீன், பஸ் டெப்போவில் என்னோடு வண்டி ஓட்டிய கென்னின் மனைவி, அடுத்த வாரக் கூட்டத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கென்னுக்குச் சர்க்கரை ஏறிவிட்டது, மாவு ஓட்டுக்குள் இறைச்சி அடைத்துச் சுட்ட பை தின்பதை விடாவிட்டால் ஊசிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "எனக்கு எப்பிடிச் செய்யறதுன்னு சொல்லிக் குடுங்க வில்ஃப், அன்னைக்கு மிஞ்சின துண்டைக் கொண்டுபோய்க் குடுத்தேன், இது ஒண்ணைத்தான் அவரு திங்கிறேங்கிறாரு" என்றாள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். ஆறு முட்டை, பால், சீஸ் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அது போதாதென்று, அம்மா கீஷ் சுடுவாளே, அடித்தகடு தனியாகக் கழன்று வருமே, அந்தத் தகரத் தட்டையும் வீட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். உனக்கு இப்போதே சிரிப்பு வந்திருக்கும். அம்மா முதலில் அதில் மாவை விரித்து அப்புவாள், அந்த மாவுதான் முட்டையைத் தாங்கிப் பிடிக்கும். மாவில்லாமல் ஊற்றினால் கழலும் தகட்டின் இடுக்கு வழியாக எல்லாம் ஒழுகிவிடும் என்று எனக்கு எங்கே தெரியும், சாப்பிட மட்டும் சமையலறைக்குப் போனவன் நான்.

அடுத்த செவ்வாய் டோரீன் வந்து ஓவன் அடியெல்லாம் முட்டை, வீடெல்லாம் புகை என்றாள். இன்னும் நன்றாக அடிக்க வேண்டும் என்றேன். மறுவாரமும் அதே கதை, இன்னும் இரண்டு முட்டை சேர்க்கச் சொன்னேன். வாய் கூசாமல் சொன்னேன் ஹேசல். மூன்றாவது தடவையும் ஒழுகியதும் கென், "பொண்டாட்டி இல்லாத வில்ஃபே பண்றான், உனக்கு வரலையா? பையாவது தட்டுல நிக்கும்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டானாம், அதற்குப் பிறகு தினமும் பைதான். டோரீன் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். போன வாரம் கென்னுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை இன்னும் ஏறியிருக்கிறது, ஒரு மாதம் பார்ப்போம், இறங்காவிட்டால் ஊசி என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

இதெல்லாம் தெரிந்துதான் லொரேன் என்னைப் பிடித்துக்கொண்டாள், "நீங்க போய்க் கூட நின்னு செஞ்சு காட்டுங்க, அவ மனசொடிஞ்சு கெடக்கா" என்று. சனிக்கிழமை போனேன். கென் மேசையில் உட்கார்ந்து, "வாப்பா மகராசா, எங்க வீட்டம்மாவுக்குச் சமையல் கத்துக்குடு" என்று கேலி செய்தான். டோரீன் எல்லாவற்றையும் அடித்துத் தயாராக வைத்திருந்தாள். நான் தட்டைக் கையில் தூக்கிப் பிடித்து ஊற்றினேன். ஊற்ற ஊற்ற அது அடிவழியாக ஒழுகி என் விரல், கோட்டின் கை, செருப்பு, அவள் துடைத்து வைத்திருந்த தரை எல்லாம் ஆகிவிட்டது. கென் வாய்விட்டுச் சிரித்தான். டோரீன் சிரிக்கவில்லை, தட்டைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நான் இதுவரை ஒன்றுகூடச் செய்ததில்லை, அன்றைக்குக் கொண்டுவந்தது கடைக் கீஷ் என்று சொன்னேன். கென்னின் சிரிப்பு நின்றுவிட்டது. "மூணு தடவை வில்ஃப். மூணு தடவையும் எங் கையைத்தான் நான் திட்டிக்கிட்டேன்" என்றாள், சத்தமே போடாமல். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

தரையைத் துடைக்கக் குனிந்தேன், வேண்டாம் என்றுவிட்டாள். அலமாரியிலிருந்து ஒரு பீங்கான் பாத்திரம் எடுத்து, திரும்ப முட்டை உடைத்து அடித்து ஊற்றி ஓவனில் வைத்தாள். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை, இருக்கச் சொல்லவும் இல்லை, சுவரோரமாக நின்றுகொண்டே இருந்தேன். வெளியே எடுத்தபோது பொன்னிறமாக உப்பி, கத்தி போட்டால் சீராக வெட்டுப்பட்டது. கென் ஒரு துண்டு தின்றுவிட்டுத் தலையை நிமிர்த்தாமல், "நல்லாருக்கு டோரீன்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. மேசையில் இரண்டு தட்டுதான் வைத்திருந்தாள். நானே கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டேன்.

உனக்கும் கிரெய்குக்கும் ரூபிக்கும் ஒரு குறையும் வராமல் ஆண்டவர் காக்கட்டும். ரூபிக்கு நெஞ்சுச் சளி கட்டாமல் பார்த்துக்கொள். உன் ஆபீஸில் என்னைப் பற்றிச் சொன்னதைத் திருத்திச் சொல்லிவிடு, அப்பாவுக்காக மழுப்பாதே. செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் எழுந்து நின்று நானே எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். டோரீன் வர மாட்டாள் என்றுதான் லொரேன் சொல்கிறாள். வராவிட்டாலும் சொல்வேன், அவள் கையில் ஒரு குறையும் இல்லை என்பது எனக்குக் கை தட்டியவர்கள் அத்தனை பேருக்கும் தெரிய வேண்டும்.

உன் அப்பா,
வில்ஃப்