இத்தாலிப் பிஸ்டல்

1988 செப்டம்பர் 6

அத்தானின் கடைக் கண்ணாடியை உடைத்தவர்கள் யாரென்று பொலிசுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே விடுகிறார்கள். இலண்டன் குட்மேய்ஸில் இந்தத் தெரு முழுக்க அந்த மூன்று மொட்டைத் தலை வெள்ளையன்களின் வீட்டைக் கைகாட்டும். பொலிஸ்காரன் மட்டும் "ஆளை அடையாளம் சொல்ல ஏலுமா?" என்று கேட்டு, அக்கா போட்ட தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனான்.

திறந்திருந்த அரிசி மூட்டைக்குள்ளும் கண்ணாடித் தூள். முழுவதையும் கொட்டினோம்.

செப்டம்பர் 9

கண்ணாடி இருந்த இடத்தில் பலகை. பகலிலும் லைட் போட்டு வியாபாரம்.

செப்டம்பர் 14

இன்று அத்தானின் முகத்தில் துப்பினார்கள். ஊரில் பதினேழு வருடம் கணக்குப் படிப்பித்த கணேசலிங்கம் மாஸ்டரின் முகத்தில். ஒருவன் "பாக்கி" என்றான். அத்தான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, தான் பாகிஸ்தான் இல்லை, சிலோன் என்று விளங்கப்படுத்தினார்! பிறகு அவன் வாங்கிய சிகரட்டையும் மிச்சக் காசையும் இரண்டு கையாலும் நீட்டினார்.

நான் மூட்டையைப் போட்டுவிட்டுக் கத்தினேன். "உவனுக்கு ஏன் அத்தான் மரியாதை? மூஞ்சையிலை எறிஞ்சிருக்கலாமே?"

"எறியிறதோ? ஒருத்தருக்குக் குடுக்கிற சாமானை எறியிற பழக்கம் எனக்கில்லை."

உண்மைதான். என்னோடு பெற்றோல் செட்டில் வேலை செய்கிற கஸ்பர் ஒருமுறை வான் திறப்புக் கொத்தை மேசையில் எறிந்தான். அத்தான் அதை எடுத்து அவன் கையில் வைத்து, "இப்ப திருப்பித் தாரும்" என்றார். கஸ்பர் வகுப்புப் பொடியன் மாதிரித் தந்தான். அன்று சிரித்தேன். இன்று சிரிக்க முடியவில்லை.

செப்டம்பர் 18

அக்கா மேலே போனதும் அத்தான் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, ஒரு பிஸ்டல் வேணும். உண்மையானது இல்லை. சும்மா காட்டுறதுக்கு. லைசன்ஸ் தேவையில்லையாம். உமக்குத்தானே உதுகளைப் பற்றித் தெரியும்."

எனக்கு என்ன தெரியும்? ஊரில் இயக்கத்துக்குப் போன பக்கத்து வீட்டுப் பெடியன், வீட்டுக்கு வந்த ஒரு நாள், தன் பிரௌனிங் பிஸ்டலை என் கையில் தந்தான். அவன் தேத்தண்ணி குடித்து முடிக்கும் மட்டும் வைத்திருந்தேன். அவ்வளவுதான். அதை இங்கே ஒரு நாள் கதையோடு கதையாகச் சொன்னதிலிருந்து எல்லோருக்கும் நான் பெரிய ஆள்.

தெரியாது என்று நான் சொல்லவில்லை.

அக்காவுக்குச் சொல்லக்கூடாதாம்.

செப்டம்பர் 24

வாங்கியாயிற்று. கஸ்பர்தான் லூயிஷாமில் அந்தக் கடையைக் கண்டுபிடித்து வைத்திருந்தான். மூன்று பேரும் அவனுடைய வானில் போனோம். கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு பிரௌனிங். இரண்டும் சுடாத பொய்ப் பிஸ்டல்கள். ஒன்று பேர்மிங்காமில் செய்தது. மற்றது இத்தாலியிலிருந்து இறக்கியது.

அத்தானின் கை நேரே பேர்மிங்காமுக்குப் போனது. "இங்கிலாந்துச் சாமான். வெளிநாட்டுச் சாமானெண்டால் நம்பி வாங்கலாம்."

கஸ்பர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மாஸ்டர், இது இலண்டன்! இங்கை உதுதான் உள்ளூர்ச் சாமான். நாங்கள்தான் வெளிநாட்டுச் சாமான்."

அத்தானும் சிரித்துவிட்டார். ஒன்றும் விளங்காத கடைக்காரனும் சேர்ந்து சிரித்தான்.

நான் இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தேன். பேர்மிங்காம் பாரமில்லாமல், சாம்பல் நிறத்தில், வாயைச் சிவப்புக் கட்டியால் அடைத்தபடி. இத்தாலி கறுப்பு. குளிர்ந்த இரும்பு. அன்று ஊரில் என் கையில் இருந்த அதே பாரம்.

"இதுதான் சாமான்" என்றேன்.

அத்தான் இன்னும் பேர்மிங்காமைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "இது போதாதோ தம்பி? பாத்தால் விளையாட்டுச் சாமானெண்டு தெரியுது. ஆருக்கும் கரைச்சல் வராது."

"தெரிஞ்சால் பிறகு ஏன் வாங்கவேணும்? உதைக் காட்டினால் இன்னொருக்காத் துப்புவாங்கள்."

துப்பலைச் சொன்னதும் அவர் பேர்மிங்காமைத் தள்ளி வைத்தார். இத்தாலியைக் கட்டித் தரச் சொன்னார்.

செப்டம்பர் 30

காசு மேசைக்குக் கீழே, துவாயில் சுற்றி வைத்திருக்கிறார். தொட்டுப் பார்ப்பதுமில்லை. அக்காவுக்கு இன்னும் தெரியாது.

ஒக்டோபர் 11

அத்தானைச் சுட்டுவிட்டார்கள்.

ஒக்டோபர் 14

எழுதாவிட்டால் பைத்தியம் பிடிக்கும்.

பின்னேரம். வெளிச்சம் இருந்தது. அந்த மொட்டைத் தலையன்கள் மூன்று பேரும் வந்தார்கள். ஒருவன் பருப்புத் தட்டைத் தள்ளி விழுத்தினான். அத்தான் துவாயை விரித்துப் பிஸ்டலைத் தூக்கினார். ஓடினார்கள்! நான் நினைத்தபடியே ஓடினார்கள். நான் கையைத் தட்டினேன். கடவுளே, கையைத் தட்டினேன்.

பொலிசுக்குப் போன் பண்ணியது அத்தான்தான். கடைக்குள் வந்து அடாவடி செய்கிறார்கள், உடனே வாருங்கள் என்று. அதற்குள் தெருவில் யாரோ, கடையில் ஒரு ஆசியாக்காரன் துவக்கோடு நிற்கிறான் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தச் செய்திக்குத்தான் பொலிஸ்காரர்கள் வந்தார்கள். துவக்கோடு வந்தார்கள். கண்ணாடி உடைந்த நாட்களில் இந்த வேகம் எங்கே போனது?

அத்தான் பிஸ்டலும் கையுமாக வாசலுக்குப் போனார். "கீழே போடு, கீழே போடு" என்று கத்தினார்கள். அவருக்கு விளங்கியது. என்னைவிட நல்ல இங்கிலீஷ் அவருக்கு. ஆனால் போடவில்லை. ஊரில் ஆமிக்காரன் மறித்தால் கிட்டப் போய், குனிந்து, அடையாள அட்டையை இரண்டு கையாலும் கொடுப்போமே, அப்படி இரண்டு உள்ளங்கையிலும் பிஸ்டலை வைத்து நீட்டிக்கொண்டு ஓரடி வைத்தார். "சேர், இது—" என்றார்.

இரண்டு வெடி.

எறிந்துவிடுங்கள் அத்தான் என்று நான் கத்தியிருக்கலாம். பின்னால் வெங்காய மூட்டையைப் பிடித்தபடி நின்றேன்.

ஒக்டோபர் 19

பேப்பரில் "ஆயுதம் ஏந்திய கடைக்காரர்". பெயரையும் பிழையாகப் போட்டிருக்கிறார்கள்.

ஒக்டோபர் 27

இன்று எரித்தோம். கோட்டும் டையுமாக எங்கள் பெரிய மனிதர்கள் வந்தார்கள். பொலிஸ் ஸ்டேசனுக்கு முன்னால் நூறு பேர் போய் நிற்போம் என்று கேட்டேன். "கேஸ் முடியட்டும் தம்பி, அவசரப்படாதையும்" என்றார் ஒருவர். இன்னொருவர் எனக்குக் கேட்கும்படியே சொன்னார்: "மாஸ்டருக்கு உது தேவையில்லாத வேலை." ஒரு மாலை போட்டார்கள். பார்க்கிங் நேரம் முடிகிறது என்று ஓடினார்கள்.

டிசம்பர் 4

அக்காவை ஆர்ச்வே முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். அவள் கும்பிடவில்லை. வெளியிலே செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள்.

1989 மார்ச் 15

மரண விசாரணை. சுட்டவன் என் வயதுக்காரன். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான். அவனை வெறுக்க வேண்டும் என்றுதான் போனேன். முழுதாக முடியவில்லை, அதுவும் கோபமாக இருக்கிறது.

இரண்டு கையாலும் கொடுப்பது எங்கள் மரியாதை என்று சாட்சிக் கூண்டில் சொன்னேன். தலையை ஆட்டி எழுதிக்கொண்டார்கள். பிறகு அவனிடம் கேட்டார்கள். அது உண்மையான பிஸ்டலிலிருந்து வித்தியாசமே தெரியவில்லை என்றான். விளையாட்டுச் சாமான் என்று தெரிந்திருந்தால் சுட்டிருக்க மாட்டேன் என்றான்.

அக்கா என் சட்டையை இழுத்தாள். "என்ன சொல்லுறான்?"

"தெரியாமல் சுட்டவனாம்" என்றேன். மிச்சத்தை விழுங்கினேன்.

சட்டப்படியான கொலை என்று தீர்ப்பு. கொலைக்குச் சட்டம் இருக்கிறதாம் இந்த நாட்டில்.

மார்ச் 16

கஸ்பர் வந்து போனான். அக்காவுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லத்தான் வாயைத் திறந்திருப்பான், மடையன். லூயிஷாம் கடையில் அத்தான் எப்படிச் சிரித்தார் என்று சொல்லியிருக்கிறான். பெட்டிக்குள் இரண்டு இருந்தது, மற்றது பார்த்தாலே விளையாட்டுச் சாமான் என்றும் சொல்லியிருக்கிறான்.

அக்கா மாடிக்கு ஏறி வந்தாள். நான் கதவைப் பூட்டிவிட்டேன். அவள் அழவில்லை. கதவைத் தட்டவுமில்லை. வெளியே நின்று கேட்கிறாள், இதை எழுதும்போதும் கேட்கிறாள்:

"அதிலை இந்தக் கறுப்பை ஆர் தெரிஞ்செடுத்தது? அவரோ, நீயோ? வாயைத் திறந்து சொல்லடா."