பெயின்ட் அடித்த போல்ட்

வேம்புலி அம்மன் துணை

கரையான்சாவடி,
மார்கழி 3

அன்பு மகன் அரவிந்தனுக்கு அம்மா எழுதுவது. அந்தக் கனடாப் பனியில் இருமல், ஜலதோஷம் ஒன்றும் அண்டாமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, மழை விட்டும் முட்டிவலி மட்டும் விடவில்லை. உன் தங்கை நிஷாவுக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டது, வலது கண்ணை எடுத்த இடம் ஆறிவிட்டதாம், பொங்கல் கழித்துப் பொம்மைக் கண் வைக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் புருஷன் ஜீவாவும் இருக்கிறான், சாகவில்லை. போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய், இந்த ஒண்டு வீட்டில் அடுப்படியில் தும்மினால் வாசலில் கேட்கிறது, அதிலும் ஒரு கண் போனதிலிருந்து உன் தங்கைக்குக் காது நாலாகிவிட்டது. படித்ததும் கிழித்து எரித்துவிடு.

பொங்கலுக்கு வந்து நிஷாவையும் ஜீவாவையும் எதிரே உட்கார வைத்து நடந்த உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்று போனில் அழுதாயே, அதைச் சொல்லக்கூடாது. அதற்காகத்தான் நைனா இந்தக் கடிதம். முதலில் நீ செய்ததை நீயே ஒருமுறை நினைத்துப் பார். மினி டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற மெஷின் அம்மா, படுத்த உருளையில் வரிசையாகக் கத்தி தொங்கும், சுற்ற ஆரம்பித்தால் முள்ளும் கோரையும் மாவாகிவிடும், அயனம்பாக்கத்திலும் செம்பரம்பாக்கத்திலும் பிளாட்டை வாங்கிப் போட்டுவிட்டு வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கிறவன் எல்லாம் புதர் வெட்ட நமக்குத்தான் போன் செய்வான் என்று ஆசை காட்டி வாங்க வைத்தவன் நீ. கனடாவில் ரோட்டோரம் புல் வெட்டுகிறவனாம், இவனுக்குத் தெரியாத மெஷினே இல்லையாம், தெருவே வேடிக்கை பார்க்க என்ன பந்தா! டிராக்டரிலிருந்து மெஷினைச் சுற்றவைக்கிற ஷாஃப்ட்டை அளந்து அறுத்தாய், பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்தாய், கத்தி தரையைக் கொத்தக்கூடாது என்று பின்னால் இருக்கிற உருட்டுக் குழாயை ஏற்றி இறக்கினாய். எல்லாம் முடித்துக் கத்தி மாட்ட உட்காரும்போது உனக்கு ஃப்ளைட்டுக்கு நேரமாகிவிட்டது. மெஷினோடு வந்த போல்ட் பொட்டலத்தில் பாதியை எங்கேயோ சிதறவிட்டாய், மெயின் ரோடு ஹார்டுவேர் கடையில் இரும்பு கேட்டுக்குப் போடுகிற சாதா போல்ட்டை வாங்கி வந்து அந்த இடத்தில் முடுக்கிவிட்டுக் கார் ஏறிவிட்டாய். ஜீவாவிடம் அதை மட்டும் சொல்லவில்லை. மற்றதை எல்லாம் வாத்தியார் மாதிரி சொன்னாய், தினமும் கிரீஸ் அடி, வண்டி எடுக்கும் முன் ஒவ்வொரு போல்ட்டிலும் ஸ்பேனர் வைத்துப் பார், ஒரு கத்தி மாற்றினால் அதற்கு எதிர்க் கத்தியையும் மாற்று, இல்லாவிட்டால் உருளை ஆடும் என்று. அவனும் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டிவிட்டு அப்படியேதான் செய்துகொண்டிருந்தான்.

ஆயுத பூஜைக்கு மெஷினைக் கழுவி சிவப்பு பெயின்ட் அடித்தான், போல்ட் தலையைக்கூட விடவில்லை, சந்தனம் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் கட்டினான். நல்ல போல்ட், கேட் போல்ட் எல்லாம் ஒரே நிறமாகிவிட்டது. பூஜையில் வைத்த பொருளை உடனே ஸ்பேனரால் நோண்டாதே, விஜயதசமிக்கு அப்படியே எடுத்துப் போய் வேலையை ஆரம்பி என்று நான்தான் சொன்னேன். அன்றைக்கு அயனம்பாக்கம் ஏரி ஓரத்துப் பிளாட்டில் வேலை. நிஷா சோறு எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் போய் மதில் ஓரமாக நின்றிருக்கிறாள். ஒரு கத்தி பிய்த்துக்கொண்டு பறந்து மதிலில் மோதித் தெறித்திருக்கிறது, அந்தத் துண்டுதான் அவள் கண்ணில் போனது. இவன் வண்டியிலிருந்து குதித்து அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மெயின் ரோடு வரைக்கும் ஓடியிருக்கிறான்.

அன்றைக்கு நீ போனில், ஐயோ அம்மா அது நான் போட்ட போல்ட் என்று அலறினாய் பார், உன் அலறலைக் கேட்டுக்கொண்டு நான் சும்மா உட்காரவில்லை. ஜீவா ரத்தச் சட்டையோடு ஆஸ்பத்திரி தரையில் உட்கார்ந்திருந்தான், நான் ஆள் வைத்து வண்டியைக் கலீல் ரகுமான் பாய் ஒர்க் ஷாப்புக்குக் கொண்டு போய்விட்டேன். பாய் குனிந்து பார்த்துவிட்டு, இது லூசாயி கயண்டுக்கல மா, ஒடிஞ்சிகீது, யாரு மா இந்த போல்ட்ட போட்டது என்றார். மெஷின ரெடி பண்ணத்தான் வந்தேன் பாய், பஞ்சாயத்துக்கு வரல என்றேன். எல்லா போல்ட்டையும் கழட்டிவிட்டு அதற்கென்றே வருகிற போல்ட்டை வரவழைத்துப் போட்டுக் கொடுத்தார். பழையதை எடைக்குப் போட்டுவிட்டேன். அதிலிருந்து பாய் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். திருப்பிக்கொள்ளட்டும், அவர் முகத்தைப் பார்த்தா நான் உலை வைக்கிறேன்.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து, நர்ஸ் இருக்க, ஆயா இருக்க, நிஷா காதில் விழுகிற மாதிரி, பெயின்ட்டு அடிக்கத் தெரிஞ்ச கைக்கு ஸ்பேனர் புடிக்கத் தெரியலையாடா பாவி என்று ஜீவாவைக் கேட்டேன். ஸ்பேனரால் நோண்டாதே என்று நான் சொன்னதை அவன் இன்று வரைக்கும் ஒருவரிடமும் சொல்லவில்லை, மறந்திருப்பான். அன்றோடு நிஷா அவனிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். அவன் அம்மா வடிவு ஆவடியிலிருந்து வந்து, எம்புள்ள தெரியாம பண்ணிட்டான் தாயி என்று நிஷா காலைப் பிடித்துக்கொண்டு கதறினாள். எழுந்திரு என்று நான் சொல்லவில்லை. அழுது முடிக்கிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு, ஒரு வாய் காப்பிகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன். சம்பந்தியம்மாள் என்று சபையில் முன்வரிசையில் வந்து உட்காருவாளே, இனிமேல் உட்காரட்டும் பார்க்கலாம்.

இப்போது ஜீவாவை நீ பார்க்க வேண்டும். குடி சுத்தமாக நின்றுவிட்டது. நிஷா புடவையை அவன்தான் துவைக்கிறான், அவளுக்குத் தெரியாத வலது பக்கம் நின்றுகொண்டு தட்டில் சோறு வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறான், அவன் நிற்பது தெரிந்தால் அவள் சாப்பிட மாட்டாள். படுக்கை வெளியே டிராக்டர் பக்கத்தில். விடிந்தால் ஒவ்வொரு போல்ட்டாக ஸ்பேனர் வைக்கிறான், வைத்ததிலேயே மறுபடியும் வைக்கிறான், பிளாட்காரன் போன் மேல் போன் போட்டுத் திட்டுகிறான். இவ்வளவு அடக்கமான மாப்பிள்ளை இந்தத் தெருவில் எவளுக்கும் வாய்க்கவில்லை, உன்னால் எனக்கு வாய்த்தது.

பாவம் இல்லையா அம்மா என்று நீ கேட்பாய். பாவம்தான், அதற்கு என்ன செய்யச் சொல்கிறாய்? கண் போனவளுக்கு யார் மேலாவது ஆத்திரப்பட வேண்டும், கைக்கெட்டுகிற தூரத்தில் ஒருத்தனைக் காட்டிவிட்டேன், வெறுத்து ஆற்றிக்கொள்கிறாள். அது நீதான் என்று தெரிந்தால் உன்னைத் தேடிக் கனடாவுக்கா வருவாள், உள்ளுக்குள்ளேயே வெந்து போவாள். அப்பா போன பிறகு அண்ணன் அண்ணன் என்று உன் காலைச் சுற்றியே வளர்ந்தவள். உன் மனசில் இருக்கிற பாரம் இறங்குவதற்கு அவளுக்கு அண்ணனும் இல்லாமல் போக வேண்டுமா? பாரமாக இருந்தால் சும, சாகிற வரைக்கும் சும, அதுதான் உனக்குத் தண்டனை. சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நீ ஃப்ளைட் ஏறிவிடுவாய், இங்கே கிடந்து சாகப்போவது நாங்கள். நீ என் வயிற்றில் பிறந்தவன், அவன் வடிவு பெற்ற பிள்ளை. எனக்கு ஓரவஞ்சனை என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

ஆனால் ஒன்று இருக்கிறது, அதையும் கேள். பொங்கல் முடிந்ததும் அந்த ஆளை வீட்டை விட்டு அனுப்பிவிட வேண்டும், வக்கீலைப் பார்க்க வேண்டும் என்று நிஷா நிற்கிறாள். நான் எவ்வளவோ சொல்லிவிட்டேன், எங்கண்ணன் வரட்டும், அது இன்னா சொல்லுதோ அதான் என்கிறாள். ஜீவாவுக்கும் இது தெரியும். நீ அவனிடம் தனியாகப் பேச வேண்டும் என்று மெசேஜ் மேல் மெசேஜ் போட்டிருக்கிறாயே, அதை என்னிடம் காட்டி, மச்சான் எங்கிட்ட இன்னாவோ பேசணும்னுகினே கீறாரு, ஊட்ட வுட்டு போவச் சொல்லத்தான அத்தே, அவரு அடிச்சாக்கூட வாங்கிக்கிறேன், போவ மட்டும் சொல்ல வாணாம்னு நீங்க சொல்லுங்க என்று நடுங்குகிறான். சொல்கிறேன் போ என்றேன். அவன் போய்விட்டால் டிராக்டர் ஓட்ட ஆள் இல்லை, ஒற்றைக் கண்ணோடு உன் தங்கைக்கு இன்னொருத்தனும் வர மாட்டான், அதையும் யோசித்துத்தான் சொல்கிறேன்.

அம்மன் உன்னை நோய் நொடி இல்லாமல் காப்பாற்றட்டும், உன் சம்பாத்தியம் பெருகட்டும், உனக்கும் காலாகாலத்தில் ஒருத்தி வந்து வீடு நிறையட்டும். குளிரில் வெறும் காலோடு நடக்காதே. வரும்போது நிஷாவுக்கு நல்ல கறுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கி வா, அங்கே தரமாகக் கிடைக்குமாம். ஏர்போர்ட்டுக்கு ஜீவாதான் வருவான், உன் பெட்டியை அவன்தான் தூக்குவான், தூக்க விடு. வீட்டுக்கு வந்ததும் நிஷா எதிரில் உன் காலில் விழுவான், என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று ஒரு மாதமாகத் தனக்குள் முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான். தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, போனது போவட்டும் மாப்ளே, உன்ன மன்னிச்சிட்டேன் என்று அவள் கேட்கிற மாதிரி வாய்விட்டுச் சொல். அண்ணனே மன்னித்துவிட்டான் என்றால் அவளும் இறங்கி வருவாள். குரல் உடையாமல் சொல்ல வேண்டும், இப்போதிருந்தே சொல்லிப் பழகிக்கொள்.

இப்படிக்கு,
உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா,
து. வேம்புலியம்மாள்