போர்வையின் மறுமுனை

இராயபுரம்
3.2.2024

அன்புள்ள ஜெரால்ட் அவர்களுக்கு,

நலமா என்று கேட்டால் ‘ம்’ என்றுதான் சொல்வீர்கள், அதனால் கேட்கவில்லை. போனில் பேசினால் நமக்குச் சண்டையில்தான் முடிகிறது. படமும் காட்ட வேண்டும். ஆகவே கடிதம்.

‘போறதுன்னா போ’ என்று நான் கத்தி, நீங்கள் அந்தப் பேட்டன்ட் வக்கீல் ஆபீஸ் வேலைக்குப் போய்ப் பதினாறு மாதம் ஆகிறது. போர்வை துவைத்தால் மறுமுனை பிடிக்க ஆளில்லை. இருந்தபோது மட்டும் என்ன? இடது கைக்காரர், தப்புப் பக்கமே திருகுவீர்கள். பிழியாமல் போர்வை சும்மா சுழலும்.

இப்போது குழாயடிச் சுவரில் ஒரு கொக்கி அடித்திருக்கிறேன். துணி கிழியாமலிருக்க, பழைய கேஸ் ட்யூபை வெட்டி அதற்கு உறை போட்டேன். போர்வையை நடுவாக மாட்டி, இரண்டு முனையையும் சேர்த்துத் திருகினால் தண்ணீர் கொட்டுகிறது. எதிர்வீட்டு கெங்கம்மா பார்த்துவிட்டு, “சூப்பரா கீதுமே! எவனாச்சும் காப்பி அடிக்கிறதுக்குள்ள பேட்டன்ட்டு வாங்கிடு” என்றாள்.

கிடைக்குமா? என் பேரில் ஏதாவது ஒன்று இருக்கட்டுமே என்று ஆசையாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஜானட்

கோயம்புத்தூர்
12.2.2024

அன்புள்ள ஜானட்,

படம் வந்தது. கோடெல்லாம் நேராகவே போட்டிருக்கிறாய். எங்கள் வக்கீலம்மா தாஹிராவிடம் காட்டினேன். அவர் கேட்பது ஒன்றுதான்: துணி துவைக்கிற சாதாரண ஆளுக்கு இது தானாகவே தோன்றிவிடுமா? தோன்றும் என்றால் பேட்டன்ட் கிடையாது.

தோன்றிவிடும் என்றுதான் எனக்குப் படுகிறது. வருத்தப்படாதே.

ஜெரால்ட்

இராயபுரம்
25.2.2024

அன்புள்ள ஜெரால்ட் அவர்களுக்கு,

தோன்றிவிடுமாமே! நம் தெருவில் பதினெட்டு வீடு ஏறிக் கேட்டேன். ஒருவருக்கும் தோன்றியதில்லை. “கொக்கி இன்னாத்துக்கு? அதான் எங்க வூட்டுக்காரு கீறாரே, புடிப்பாரு” என்றாள் சில்வியா. எல்லா வீட்டிலும் யாரோ ஒருவர் இருக்கிறார்கள். கடைசி வீட்டுப் படி இறங்கும்போது அழுதுவிட்டேன்.

எனக்கு மட்டும்தான் தோன்றியிருக்கிறது. இதையும் வக்கீலம்மாவிடம் சொல்லுங்கள்.

ஜானட்

கோயம்புத்தூர்
10.3.2024

அன்புள்ள ஜானட்,

சொன்னேன். “அப்படியா, சரி, முயன்று பார்க்கலாம்” என்று படிவத்தை எடுத்துக் கொடுத்தார். ஒரு வாரமாக அது என் மேசையில் கிடக்கிறது. நிரப்பக் கை வரவில்லை.

என் அறையில் ஒரு ஜன்னல் கம்பி இருக்கிறது. வந்த முதல் மாதமே அதில் ரப்பர் சுற்றிவிட்டேன். போர்வையை நடுவாக மாட்டி, இரண்டு முனையையும் சேர்த்துத் திருகுகிறேன். உன் படத்தைப் பிரித்ததும், என் ஜன்னலை யார் உனக்குக் காட்டியது என்று திகைத்துப்போனேன். முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது.

தனியாக இருக்கிற யாருக்கும் தோன்றிவிடும், ஜானட்.

ஜெரால்ட்

இராயபுரம்
20.3.2024

என்னங்க,

பேட்டன்ட் வேண்டாம். படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கொக்கியை இன்று காலை கழற்றிவிட்டேன். சுவரில் ஓட்டை விழுந்திருக்கிறது, அதை அடைக்க எனக்குத் தெரியாது.

போ என்று கத்தியது நான்தான். வாருங்கள் என்றும் நானே சொல்கிறேன். முப்பதாம் தேதி, ஈஸ்டருக்கு முந்தின நாள், பெரிய போர்வையை ஊற வைப்பேன். நீங்கள் உங்கள் இடப்பக்கமே திருகுங்கள். நான் மாற்றிக்கொள்கிறேன்.

உங்கள்
ஜானட்