இடது காலில் கறுப்புக் கயிறு

கேட்டி, டெக்சஸ்
ஜனவரி 11, ஞாயிறு

அன்புள்ள வெண்பா கண்ணுக்கு,

இங்கே நான், அம்மா, உன் தம்பி கவின் மூவரும் சுகம், அங்கே யூட்டா குளிரில் நீ சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று முருகனைக் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், போனை எடுத்ததும் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்வாள், அப்புறம் பேசுவது அவள்தான். சனிக்கிழமைதோறும் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துப் போனது இதற்காவது உதவட்டும். நம் வியாபாரத்துக்குக் கரூரிலிருந்து துண்டும் தலையணை உறையும் ஏற்றி வந்த கன்டெய்னர் துறைமுகத்திலேயே நிற்கிறது, போய்ப் பார்க்கச் சொன்னால் கவின் இட்ஸ் ஃபைன் அப்பா என்கிறான், அவனுக்கு எல்லாமே ஃபைன்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய வீடியோவையும் கிராஃபையும் பார்த்தேன். பயிற்சியில் நீ ஐஸில் ஸ்கேட் போட்டு ஓடும்போது இரண்டு காலிலும் சென்சார் பட்டை கட்டுகிறார்களே, கால் எவ்வளவு சாய்கிறது என்று பதிகிறதே, அதில் வலது கால் கோடு ஒழுங்காகப் போகிறது, இடது கால் கோடு ஆடுகிறது. மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் டீமில் இடமில்லை என்று கோச் சொன்னதாக அழுதாய். அழுகையை விடு. நீ பட்டை கட்டுகிற இடத்தை வீடியோவில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அம்மா இடது காலில் கட்டிவிட்ட கறுப்புக் கயிறு முடிச்சும் மணியுமாகப் பட்டைக்கு அடியில் கிடக்கிறது, பட்டை சரியாக உட்காரவே இல்லை. நம் கோடவுனில் சாம்பிளுக்குத் துண்டை வெட்டி எடை பார்க்கும்போது தட்டுக்கு அடியில் நூல் பிசிறு மாட்டினாலே எண் மாறிவிடும், நீயே லீவில் வந்து பார்த்ததுதான். இந்தக் கடிதம் கிடைத்ததும் கோச்சிடம் சொல்லிவிடு. திருஷ்டிக்கு அம்மா கட்டியது என்று சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை, அவர்களும் ராசியான சாக்ஸ் என்று துவைக்காமல் போடுகிறவர்கள்தான். முதலில் கயிற்றோடு ஓடு, பிறகு எடுத்துவிட்டு அதே வேகத்தில் ஓடு, இரண்டு கோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார். நேரானால் நல்லது. ஆகாவிட்டால் பழியைக் கயிற்றின் மேல் போடாதே, குறை உன் காலில்தான், கோச் சொல்கிற பயிற்சியை வாய் பேசாமல் செய். சரக்கு சரியில்லை என்றால் தராசைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

அம்மாவை நினைத்துத்தான் நீ அதை எடுக்காமல் இருக்கிறாய் என்று தெரியும். நீ விழுந்து தோள் எலும்பை உடைத்துக்கொண்ட பிறகு கட்டியது, அப்புறம் நீ விழவில்லை, அவளுக்கு அதுதான் கணக்கு. நேற்று சாப்பிடும்போது பேச்சை எடுத்தேன். ஏனுங்க, கயித்தாலயா எம்புள்ள காலு ஆடுது, அந்த மெஷினைத் தூக்கி வீசச் சொல்லுங்க என்று கரண்டியை வைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துக் கையில் கட்டிக்கலாமா என்றாள், கையில் நாடி பார்க்கிற கடிகாரம் என்றேன். இடுப்பில் என்றாள், அங்கேயும் ஒரு சென்சார் என்றேன். அப்ப சாமிக்கு எடமே வுடலையா அவங்க என்று கேட்டாள்.

காலையில் எழுந்து பார்த்தால் தையல் டப்பாவோடு உட்கார்ந்திருக்கிறாள். சாம்பிள் தலையணை உறையிலிருந்து பிரஸ் பட்டனைப் பிரித்து ஒரு புதுக் கயிற்றின் இரண்டு முனையிலும் வைத்துத் தைத்திருக்கிறாள். திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்துவிட்டு என்னிடம் தந்தாள், இந்தக் கடித உறைக்குள்ளேயே இருக்கிறது. ஐஸில் இறங்கும்போது கழற்றலாம், வெளியே வந்ததும் மாட்டிக்கொள்ள வேண்டும் என்றாள், உன் சார்பில் நான் ஒத்துக்கொண்டுவிட்டேன். பழைய கயிற்றை ஓடுகிற தண்ணீரில் விட வேண்டுமாம். அங்கே தண்ணீரெல்லாம் உறைந்து கிடக்கும், குழாயைத் திறந்து காட்டிவிட்டு எடுத்து வை, போதும்.

முருகன் கூடவே இருப்பான், கால் இரண்டும் நீ சொன்னபடி கேட்கட்டும். ஒன்று மறக்காதே. ஓடி முடித்ததும் கோட்டைப் படமெடுத்து எனக்கு அனுப்பு, கயிறு மாட்டிய காலைப் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பு. அவளுக்கு முதலில்.

உன் அப்பா,
சேனாபதி