கண்ணகி திறந்த கூரை

கொக்கிலமேடு,
18.6.1977

அன்பு மகன் பூவராகவனுக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. நானும் உன் நைனாவும் தங்கை கண்ணகியும் சுகமாக இருக்கிறோம், வலையிலும் இந்த மாதம் மீன் குறைவில்லை. மஸ்கட் வெயிலில் உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று மறைக்காமல் எழுது, வெறும் தலையோடு வெளியே போகாதே.

நீ கார் வாங்கி வந்தால் நிறுத்த வேண்டும் என்று தகரம் போட்டுக் கட்டிய ஷெட் சும்மாதானே கிடக்கிறது என்று கண்ணகி அதில் தையல் மிஷின் போட்டது உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சட்டை தைக்க ஆர்டர் பிடித்து, குப்பத்துப் பெண்கள் நாலு பேரையும் சேர்த்துக்கொண்டாள். கத்திரி வெயிலில் தகரம் காய்ந்து உள்ளே உட்கார முடியவில்லை. உன் நைனா பாவம் பார்த்துத் தகரத்துக்கு அடியில் தென்னங்கீற்று கட்டிக் கொடுத்தார். ஆனால் நம்மவர்களுக்குக் காற்றென்றால் பயமாயிற்றே, கடல் காற்று புகுந்து கூரையைத் தூக்கிவிடும் என்று இண்டு இடுக்கு விடாமல் தேங்காய் நாரை அடைத்துவிட்டார். வேக்காடு முன்னைவிட அதிகமாகி, தைக்க வந்த செல்லம்மா மிஷின் மேலேயே மயங்கி விழுந்தாள். உன் நைனா அன்றே, ஊர்ப் பெண்களுக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது, மிஷினை எல்லாம் ஏறக்கட்டு என்று சொல்லிவிட்டார். கண்ணகி அழவில்லை. "சோத்துப் பானைய இறுக்கி மூடினா ஆவி எங்க நைனா போவும்? மேல வழி வுடணும்" என்றாள். "வழி வுட்டா கூரையே பூடும்டி" என்று இவர் கத்தினார்.

உன் தங்கை ஏணி போட்டு ஏறிவிட்டாள். உச்சித் தகரத்தைக் கழற்றி, கட்டை கொடுத்து ஒரு சாண் உயர்த்தி வைத்து, பழைய வலைக்கயிற்றால் நாலு பக்கமும் இழுத்துக் கட்டினாள். அடைத்த நாரைப் பிடுங்கிப் போட்டாள். சுவரின் அடியில் இரண்டு கல்லைப் பெயர்த்து எடுத்தாள். மேலே வெக்கை போக, கீழே காற்று வர, கீற்று நடுவில் நிழலாக நின்றது. ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன்.

அந்த வாரமே பட்டப்பகலில் சூறைக்காற்றோடு கோடை மழை வந்து ஊரில் எத்தனையோ கூரை பிய்த்துக்கொண்டு போயிற்று. உன் நைனா மழையில் ஓடிப்போய் ஷெட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூரை அசையவே இல்லை, இவர்தான் தொப்பலாக நனைந்து தும்மினார். சட்டையெல்லாம் பள்ளிக்கூடம் திறக்கும் முன்பே போய்ச் சேர்ந்தது. இப்போது இவர் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கேதான் படுக்கிறார். மகாபலிபுரத்திலிருந்து யார் வந்தாலும் ஷெட்டுக்குள் கூட்டிப்போய் அண்ணாந்து பார்க்கச் சொல்கிறார். நேற்று மீன் ஏலக்காரர் அப்பாசாமி, பையன் காரோடு வந்தால் பெண் எங்கே போவாள் என்று கேட்டதற்கு, "காரு வெயில்ல நின்னா இன்னா, மயக்கமா போட்டுடும்? அது எம் பொண்ணு எடம்" என்று அவள் காது கேட்கச் சொன்னார். அவள் தலை நிமிராமல் மிஷினை ஓட்டிக்கொண்டே இருந்தாள், கண் மட்டும் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

வேளைக்குச் சாப்பிடு, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. நீ நோய் நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். மறந்துவிடாதே, காரோடு வரும்போது அதன் மேல் மூடப் பெரிய தார்ப்பாய் ஒன்றும் வாங்கி வா.

உன் அம்மா,
கா. ஆதியம்மாள்